டிராக்டரில் பூட்டும் சருகு வாரி: பட்டறையிலேயே அமைக்கும் முறை

மாந்தோப்பும் முந்திரித்தோப்பும் உடைய குடியானவர்களுக்குக் கோடைச் சருகு ஒரு பெருந்தொல்லை. ஆள் வைத்து வாரினால் கூலி கட்டுவதில்லை. வாராமல் விட்டாலோ, வழிப்போக்கர் எறியும் ஒரு பீடித்துண்டே தோப்பை அழிக்கப் போதுமானது. இதற்கு அஞ்சிப் பலர் சருகைத் தாமே கொளுத்திவிடுகின்றனர். அதனால் மண்ணுக்குச் சேரவேண்டிய தழைச்சத்து புகையாய்ப் போவதுடன், மரங்களின் மேல்வேர்களும் வெந்து கெடுகின்றன. சொந்த டிராக்டர் உள்ளவர்கள் உள்ளூர்ப் பட்டறையின் உதவியால் ஒரு சருகு வாரியைச் செய்துகொண்டால், இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கலாம்.

உருளை: 3 அங்குலக் குறுக்களவும் 5 அடி நீளமும் உள்ள இரும்புக்குழாயின் இரு முனைகளையும் பேரிங்குகளில் பொருத்தவேண்டும். குழாயின் நீளவாட்டில் நான்கு மரச்சட்டங்களை போல்ட் கொண்டு முடுக்கி, அவற்றில் பனந்தும்பு அல்லது நைலான் இழைகளைக் கொத்துக்கொத்தாகச் செருகுக. தும்பின் நுனிவரை உருளையின் குறுக்களவு 16 அங்குலம் இருத்தல் நலம். சட்டங்களைக் கழற்றி மாற்ற வசதியிருந்தால், தும்பு தேய்ந்த காலத்தில் செலவு சிறிதாகும்.

வேகம்: டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு, எஞ்சின் உரிய வேகத்தில் ஓடுகையில், நிமிஷத்திற்கு 540 முறை சுழலும். உருளைக்கு 180 சுற்றே போதும். இதற்கு மேற்பட்டால் சருகுடன் மண்ணும் கல்லும் பறக்கும். பழைய ஜீப்பின் டிபரென்ஷியலை வாங்கி, இரு பக்கமும் ஒன்றாகச் சுழலும்படி உட்பற்களை வெல்டு செய்துகொண்டால், வேகம் குறைவதோடு சுழற்சியும் குறுக்கே திரும்பிவிடும். அதன் விகிதம் வண்டிக்கு வண்டி மாறுபடுமாதலால் கையால் சுற்றி எண்ணிப் பார்த்தல் அவசியம். ஐந்து சுற்றுக்கு ஒன்று என்றிருப்பின் 108 சுற்று கிடைக்கும். பின்பு டிபரென்ஷியல் பக்கம் 25 பற்களும் உருளைப் பக்கம் 15 பற்களும் உள்ள செயின் வீல்களைப் பூட்டினால் 180 சுற்று சரியாக வரும்.

உருளை, டிராக்டர்ச் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழலவேண்டும். அப்போதுதான் தும்பு சருகைப் பின்னோக்கித் தள்ளி, வளைந்த தகட்டின் வழியாகப் பெட்டிக்குள் எறியும். திசை மாறியிருந்தால் டிபரென்ஷியலைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துக. பெட்டியின் பின்புறத்திற்குக் கம்பிவலை இட்டால் காற்றும் புழுதியும் வெளியேறும். இரு பக்கமும் சிறு சக்கரங்கள் அமைத்து, தும்பின் நுனி தரையில் அரை அங்குலம் மட்டும் அழுந்தும்படி உயரத்தைத் திட்டம் செய்க. செயின் வீலை ஒரு மெல்லிய போல்ட்டினால் பிணைத்தால், கட்டை சிக்கும்போது அந்த போல்ட் மட்டும் முறிந்து மற்ற உறுப்புகள் தப்பும்.

அபாயம்: பி.டி.ஓ. தண்டு ஒரு வினாடியில் ஒன்பது முறை சுழல்கிறது. வேட்டியின் நுனியோ துண்டோ அதில் பட்டால், விலகிக்கொள்ள அவகாசமே கிடைக்காது. கை கால்களும் உயிருமே போய்விடக்கூடும். ஆதலால் தண்டு முழுவதையும் செயினையும் மூடும் உறையில்லாமல் யந்திரத்தை ஒரு நாளும் ஓட்டலாகாது. சிக்கிய சுள்ளியை எடுக்குமுன் பி.டி.ஓ.வை விலக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். யந்திரத்தின் அருகில் குழந்தைகளை விடலாகாது.

உபயோகம்: கற்களையும் மட்டைகளையும் முன்னதாகப் பொறுக்கிவிட்டு, பனி உலர்ந்தபின் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுக. திரும்புவதற்கும் பெட்டியைக் கவிழ்ப்பதற்கும் ஆகும் நேரம் போக, மணிக்கு ஓர் ஏக்கர் வரை வாரலாம். மரத்தடிச் சருகு முழுவதையும் வாரிவிடுதல் தவறு. ஈரத்தைக் காக்கும் மூடாக்காக அது அங்கேயே கிடக்கட்டும். வரிசைகளின் இடைவெளியிலும் வேலியோரத்திலும் உள்ளதை வாரினால் தீ பரவாது. மாவிலை மட்க நாளாகுமாதலால், குழியில் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் சாணக்கரைசல் தெளித்து, ஈரம் குறையாமல் காத்துவருக.

சிறு தோப்புடையவருக்குத் தனி யந்திரம் கட்டுபடியாகாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று செய்துகொள்ளலாம். கிராம அதிகாரிகள் இதற்கு முன்னின்று உதவுவதோடு, உறை பொருத்தாத யந்திரம் எதுவும் தம் கிராமத்தில் ஓடாதபடி கண்காணிப்பார்களானால் மிகுந்த நன்மை விளையும்.