டெபாசிட் உயர்ந்தால் வங்கி பலமாகிவிடுமா? - அமெரிக்க கிராமத்து வங்கிகள் கற்ற பாடம்!

1920-ம் ஆண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு ஒரு வங்கிக்கும் மேல் இருந்தது. கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், நாலு கடை, ஒரு சர்ச், ஒரு வங்கி. பெரும்பாலானவை மாநில அரசின் உரிமம் பெற்ற தனி வங்கிகள். பல மாநிலங்களில் கிளை திறக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை. ஆக, ஊர் வாழ்ந்தால் வங்கி வாழும். ஊர் நொடித்தால் வங்கியும் நொடிக்கும்.

முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமை ஒரு புஷல் 2 டாலரைத் தாண்டி விற்றது. விவசாயிகள் கையில் பணம் புரண்டது. வங்கிகளில் டெபாசிட் குவிந்தது. அந்தப் பணத்தை நிலம் வாங்க வந்தவர்களுக்கு வங்கிகள் கடனாகக் கொடுத்தன. நிலத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் செழிப்பாகவே தெரிந்தது.

ஆனால், டெபாசிட் என்பது வங்கியின் சொத்து அல்ல. கேட்டால் திருப்பித் தர வேண்டிய கடன். 1921-ல் கோதுமை விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. செலவுக்குப் பணம் எடுக்க மக்கள் வந்தார்கள். வங்கியின் பணமோ நிலக் கடனில் முடங்கிக் கிடந்தது. கடன் வாங்கியவரும் அதே ஊர் விவசாயிதான்; அவராலும் கட்ட முடியவில்லை. 1921-லிருந்து 1929-க்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சின்ன ஊர் வங்கிகள்.

`உங்கள் பணத்துக்கு உத்தரவாதம்'

இத்தனைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1907-ல் ஓக்லஹோமா தொடங்கிவைக்க, கன்சாஸ், நெப்ராஸ்கா, டெக்சாஸ் என 8 மாநிலங்கள் டெபாசிட் உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தன. வங்கிகள் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டும். ஒரு வங்கி மூழ்கினால் அந்த நிதியிலிருந்து மக்களுக்குப் பணம் கிடைக்கும்.

நல்ல யோசனைதான். சிக்கல் இரண்டு இடங்களில் இருந்தது. உத்தரவாதம் இருக்கிறதே என்று மக்கள் வங்கியின் தரத்தைப் பார்க்காமல் பணம் போட்டார்கள். அதைப் பயன்படுத்தி, பலவீனமான வங்கிகள் அதிக வட்டி காட்டி டெபாசிட் திரட்டி, ஆபத்தான கடன்களைக் கொடுத்தன. இரண்டாவது, ஒரே மாநிலத்து வங்கிகள் அனைத்தும் ஒரே விளைச்சலை நம்பியிருந்தன. விலை விழுந்தபோது எல்லாம் ஒன்றாக விழ, நிதி வறண்டது. 1930-க்குள் 8 மாநிலத் திட்டங்களும் முடிவுக்கு வந்தன.

அதன்பின் வந்தது பெருமந்தம். 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் முடங்கின. 1933 மார்ச்சில், பதவியேற்ற கையோடு அதிபர் ரூஸ்வெல்ட் நாடு முழுக்க வங்கிகளுக்கு விடுமுறை விட்டார். நல்ல நிலையில் உள்ளவை மட்டுமே மீண்டும் திறக்கும் என்று வானொலியில் பேசினார். வீட்டில் பதுக்கிய பணத்தோடு மக்கள் மறுபடி வங்கிக்கு வந்தார்கள். 1934 ஜனவரி 1 முதல் நாடு தழுவிய டெபாசிட் காப்பீடு அமலானது. ஆரம்ப வரம்பு 2,500 டாலர். அந்த ஆண்டு மூழ்கிய காப்பீடு பெற்ற வங்கிகள் 9 மட்டுமே. ஆபத்தைப் பல ஊர்களுக்கும் பல தொழில்களுக்கும் பகிர்ந்ததும், கண்காணிப்பு கூடவே வந்ததும் அந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணங்கள்.

நம் பணத்துக்கு?

கேரளாவின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-ல் வீழ்ந்த பிறகு, 1962-ல் இந்தியாவிலும் இந்தக் காப்பீடு வந்தது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். 2020-லிருந்து 5 லட்சம் ரூபாய். இது அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கான மொத்த வரம்பு. அதே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் 5 லட்சம்தான். பிரீமியத்தை வங்கியே கட்டும்.

கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள், சீட்டு நிறுவனங்கள், நிதி நிறுவனங்களில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை. `எங்களிடம் டெபாசிட் இத்தனை கோடி' என்று விளம்பரம் வந்தால், `வட்டி எவ்வளவு?' என்பதற்கு முன்பு `காப்பீடு உண்டா?' என்று கேளுங்கள்.