ஒற்றியூர் ஒருபா ஒருபஃதும் உருவக உவமை வேறுபாடும்

பட்டினத்தடிகள் அருளியனவாகப் பதினோராந் திருமுறையுள் அமைந்த ஐந்து நூல்களுள் ஒன்று திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது. சென்னைக்கு வடபால், இன்று ஆலைகள் செறிந்த கடற்கரையிலுள்ள ஒற்றியூரே இதன் பாட்டுடைத் தலம். யாப்புப் பயில்வார்க்கு நூற்பெயரே முதற்பாடமாய் நிற்றல் காண்க. ஒருவகைப் பாவாற் பத்துச் செய்யுள் பாடுதல் ஒருபா ஒருபஃது. வெண்பா, அகவல், கலித்துறை ஆகியவற்றுள் எதுவென்பதைப் பெயர் உணர்த்தாது; நூலைத் திறந்தே அறிதல் வேண்டும். ஈண்டு அகவல் பத்தும் அந்தாதியாய்த் தொடர்கின்றன.

அணி பயில்வார்க்கு முதற்செய்யுளின் தொடக்கமே சாலும். நிலத்தை மங்கையாகவும், கடலை அவள் இடையணியாகவும் கூறும் புலவர், ஒற்றியூரை அவள் முகம் போல விளங்குவது என்கிறார். முன்னவை இரண்டும் உருவகம். பின்னது, 'என' என்னும் உருபு நிற்றலின், உவமை. இதனை ஏகதேச உருவகம் எனக் குறிக்கும் மாணவரும் உளர். அது பொருந்தாது. இயைபுடைய இரண்டனுள் ஒன்றை உருவகித்து மற்றதனை வாளா விடுதலே ஏகதேசம். ஈண்டு ஊர் வாளா விடப்படவில்லை, உவமிக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியர் உருவகத்தை உவமத்தினின்று பிரித்துத் தனியணியாக ஓதிற்றிலர். தண்டியலங்காரம் பிரித்து ஓதிற்று. அவ்விரண்டும் ஈண்டு ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்றலின், வேறுபாடு காட்டப் பிறிதொரு சான்று தேடுதல் மிகையாகும்.