தமிழ் டைப்பிங்: எளிமை ஜெயித்த கதை

ஆரணியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் தமிழில் டைப் செய்யலாமா சார்?" என்பதுதான். பட்டுக் கடைக்காரருக்குப் பில் தமிழில் வேண்டும், ஆசிரியருக்குக் கேள்வித்தாள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எந்த விசைப்பலகையில் என்று அடுத்த கேள்வி வரும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையை அங்கீகரித்தது. இதில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். 'ஆரணி' என்று அடிக்க ஆ, ர, ண, இ என நான்கே தட்டல். 'பட்டு' என்றால் ப, ட, ட, உ. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்கான புள்ளியை மென்பொருளே வைத்துவிடும்!

இன்னொன்று ஒலிபெயர்ப்பு முறை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மூலம் பரவலானது. இதில் 'ஆரணி'க்கு ஏ, ஏ, ஆர், ஏ, ஷிஃப்ட்டுடன் என், ஐ என ஏழு விசைகளை அழுத்த வேண்டும்.

கணக்குப்படி ஜெயிக்க வேண்டியது தமிழ்99. ஆனால் இணையத்தில் தமிழ் எழுத வந்தவர்களில் ஏராளமானோர் ஒலிபெயர்ப்பையே பிடித்துக்கொண்டார்கள். காரணம் எளிது. விசைகளின் மேல் ஆங்கில எழுத்து ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் துபாயில் இருக்கும் தம்பிக்கு மெயில் போய்விடும். தமிழ்99-க்குச் சில நாள் பயிற்சி வேண்டும். அந்தச் சில நாளைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் கைவிட்டுவிடுவார்கள். இன்னொரு காரணத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். "ஆங்கிலத்தில் அடி, தமிழில் வரும்" என்று போனிலேயே பாடத்தை முடித்துவிடலாம். இப்படி ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லித்தான் ஒரு மென்பொருள் ஊர் முழுக்கப் பரவுகிறது.

எங்கள் ஊர் நெசவாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த தறியில், டிசைன் முழுவதும் துளையிட்ட அட்டைகளில் இருக்கும். காலால் மிதித்தால் தூக்க வேண்டிய இழைகள் தானே மேலே வரும். நினைவில் வைக்கும் சுமையைத் தறி வாங்கிக்கொண்டது.

2000-களில் இலவசமாக வந்த இ-கலப்பை இதைப் புரிந்துகொண்டது. இரண்டு முறைகளையும் ஒரே மென்பொருளில் வைத்தது. யாரையும் திட்டவில்லை, திருத்தவும் இல்லை!

ஒலிபெயர்ப்பிலும் குறை உண்டு. ந, ன, ண மூன்றுக்கும் மூன்று விசைகளை நினைவில் வைக்க வேண்டும். ல, ள, ழ அதைவிட மோசம். முதல் நாள் தெரியாத கஷ்டம் பத்தாம் நாள் தெரியும். குழந்தைகளோ தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தாகவே நினைக்கப் பழகிவிடுகிறார்கள். அதனால் ஆங்கில டைப்பிங் ஏற்கெனவே பழகிய பெரியவர்களுக்கு ஒலிபெயர்ப்பு, புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 என்பது என் சிபாரிசு.

இன்றைய விண்டோஸில் இரண்டுமே உண்டு. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்வேஜ்' பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.