கரிச்சான்: வயலுக்குக் கூலி கேட்காத காவலாளி

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில், பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்து உள்ளது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. இராவணனை மறித்துப் போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் இது என்பது தலவரலாறு. விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்தின் பெயரும் ஜடாயு தீர்த்தம்தான். தன்னைவிடப் பெரியதை எதிர்த்து நிற்கும் பறவையை இன்றும் இப்பகுதி வயல்களில் பார்க்கலாம். அதுதான் கரிச்சான் என்கிற இரட்டைவால் குருவி.

எல்லையும் குரலும்

வாலையும் சேர்த்து ஓரடிக்கும் குறைவான நீளமே உள்ள பறவை இது. ஆனாலும் கூடு கட்டும் பருவத்தில் காகம், பருந்து எது வந்தாலும் பாய்ந்து கொத்தி விரட்டும். அதனால் புறா, கொண்டைக்குருவி, மாங்குயில் போன்றவை இதன் கூட்டுக்கு அருகிலேயே கூடு கட்டுவது உண்டு. வலியன் என்ற பெயரும் இதற்குப் பொருத்தமே.

விடியலுக்கு முன்பே இது குரல் கொடுக்கத் தொடங்கிவிடும். 'இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது' என்று அக்கம்பக்கத்துப் பறவைகளுக்குச் சொல்வதும் பறவைப் பாட்டின் வேலைகளில் ஒன்று. 1970களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அருகே ஜான் கிரெப்ஸ் என்ற அறிஞர் இதைச் சோதித்தார். ஒரு காட்டிலிருந்த பட்டாணிக்குருவி இனப் பறவைகளை அப்புறப்படுத்தி, சில இடங்களில் மட்டும் ஒலிபெருக்கியில் அவற்றின் பாட்டை ஒலிக்கவிட்டார். பாட்டு ஒலிக்காத இடங்களில் புதுப்பறவைகள் முதலில் குடியேறின. பாட்டு ஒலித்த இடங்களுக்குத் தாமதமாகவே வந்தன. வெறும் குரலே வேலியாக நின்றது.

பறவைத் தாங்கி வையுங்கள்

கரிச்சான் உயரமான இடத்தில் அமர்ந்து நோட்டம் பார்த்து, பாய்ந்து இரை பிடிக்கும். வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, வண்டு, புழு எல்லாம் இதன் உணவு. மரமில்லாத நெல் வயலில் உட்கார இடமில்லை. ஆகவே ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில், பயிருக்கு மேல் ஓரடி உயரம் இருக்கும்படி 'T' வடிவக் குச்சிகளை நடலாம். மூங்கில், சவுக்கு, தென்னை மட்டை எதுவும் போதும். கதிர் பால் பிடிக்கும்போது இவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகள் வந்து அமரும்.

நட்ட சில வாரங்களிலேயே தேவையின்றிப் பூச்சிமருந்து தெளித்தால் கரிச்சானுக்கு இரை இராது. நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். வயலில் சேதத்தைக் கணக்கிட்டு, பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்தை நாடுங்கள்.

வாசகர் கேள்வி

கேள்வி: தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் உள்ளன. கரிச்சானால் பாதிப்பு வருமா?

பதில்: வரும். கரிச்சான் தேனீக்களையும் பிடித்துத் தின்னும். பெட்டிகளுக்கு அருகில் பறவைத் தாங்கி வேண்டாம். பெட்டிகளை மரநிழலில், பறந்து செல்லும் வழியில் வெற்றுக் குச்சியோ கம்பியோ இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: வரப்பு மரத்தில் கரிச்சான் கூடு உள்ளது. பக்கத்தில் போனாலே தலையில் கொத்த வருகிறது. கூட்டைக் கலைக்கலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு பறக்க மேலும் சில வாரங்கள். அதுவரைதான் இந்தச் சீற்றம். அந்தக் கிளையை மட்டும் வெட்டாமல் விட்டு, சற்று விலகி நடந்தால் போதும். வளரும் குஞ்சுகளுக்கு அது பிடித்துச் செல்லும் பூச்சிகளெல்லாம் உங்கள் வயலில் குறையும் பூச்சிகள்தான்.