தூக்க மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கும் வெள்ளகோவிலில் விசைத்தறிகளும் நூல் மில்களும் இரவிலும் ஓடுகின்றன. இந்த ஊர் கிளினிக்குகளுக்கு "மனசு சரியில்லீங்க" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. "தலை பாரமா இருக்குதுங்க, தூக்கமே வரமாட்டேங்குதுங்க, கை காலெல்லாம் ஒரே அசதிங்க" என்றுதான் வருவார்கள். நைட் ஷிஃப்ட் அலுப்பு என்று நினைத்துச் சத்து ஊசியும் தூக்க மாத்திரையும் கொடுத்து அனுப்பினால், சில வாரங்களில் அதே அசதியோடு திரும்பி வருவார்கள். மனச்சோர்வு நோய் நம்மிடையே பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசுகிறது. அதைக் கேட்கத் தெரிந்த காது மருத்துவருக்கு வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்குள் வரவே இல்லை. ஆய்வு நடந்த பெரும்பாலான மாநிலங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆகவே நோயாளி முதலில் சந்திப்பது எம்.பி.பி.எஸ். படித்த பொது மருத்துவரைத்தான். மாணவராக இருந்தபோது அவர் மனநலம் கற்றாரா, யாரிடம் கற்றார் என்பதைப் பொறுத்தே அந்த நோயாளியின் கதி அமைகிறது.

நம் மருத்துவப் படிப்பில் மனநலத்துக்கெனத் தனித் தேர்வுத்தாள் கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் சில வினாக்களோடு முடிந்துவிடும். தேர்வில் கனமில்லாத பாடத்தை மாணவர்கள் தள்ளி வைப்பது இயல்புதான். 2021ஆம் ஆண்டு விதிகள் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் மனநலப் பிரிவுக்கு 2 வாரங்களைக் கட்டாயமாக்கின. நல்ல மாற்றம். அந்த 2 வாரங்களும் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து கழிந்தால்தான் அதற்குப் பலன்.

அப்படி உட்காரும் மாணவர் என்னென்ன கற்பார்? விபத்தில் கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் இரவு கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, போர்வைமேல் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுகிறார், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. வீட்டார் 'காத்து கருப்பு' என்று பயப்படுகிறார்கள். இளம் மருத்துவர் 'மனநோய்' என்று எழுதப் போகிறார். மூத்த மருத்துவர் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்கிறார். இரண்டு கிழமைக்குமேல் அவரால் கோக்க முடியவில்லை. கவனம் இப்படிச் சிதறி, இரவில் கூடி, பகலில் சற்றுத் தெளிந்தால், மூளையைப் பாதிக்கும் உடல் காரணம் இருக்கிறது என்று பொருள். மூத்தவர் நோயாளியின் மனைவியிடம் கேட்கும் அடுத்த கேள்வி: "கடைசியா என்னைக்குக் குடிச்சாருங்க?"

தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் வரும் இந்தக் குழப்பநிலை உயிருக்கே ஆபத்தானது. சரியான மருந்தால் மீட்கக்கூடியதும்கூட. நரம்புக் கிளர்ச்சியை அடக்கும் மருந்தோடு தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் அவசியம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதானால் அதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தாமதமின்றித் தயமின் போட்டாக வேண்டும். இல்லையென்றால் மூளைப் பாதிப்பு தீவிரமாகலாம். இதைப் புத்தகத்தில் படித்தவர் மறக்கக்கூடும். கண்ணால் பார்த்தவர் மறக்கமாட்டார்.

இன்னொரு பாடம், கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்பது. 'தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், நாமே அதைத் தூண்டிவிடுவோமோ' என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "இப்படி இருக்கறதுக்கு இல்லாமப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுதுங்களா?" என்று மூத்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பையும் மாணவர் அவரிடமிருந்தே கற்க வேண்டும். 2022இல் லட்சம் பேருக்கு 12.4 என்ற அளவில் தேசியத் தற்கொலை விகிதம் இருந்தபோது, தமிழ்நாட்டின் விகிதம் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இந்தக் கேள்வியை ஒவ்வொரு மருத்துவரும் கேட்கப் பழகியாக வேண்டும்.

இப்படி அருகிருந்து கற்பிக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. 1794இல் தொடங்கிய சென்னை மனநலக் காப்பகம்தான் இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1961இல் அதன் முதல் பெண் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், குணமானவர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பும் வழிகளை வளர்த்தார். 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் அமைப்பை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குகிறார்கள். இதற்கு நேர்மாறானது ஏர்வாடியில் இருந்த தனியார் மனநலக் காப்பகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் கருகினார்கள். இந்த இரண்டும் தெரியாமல் ஒருவர் மருத்துவராகிவிடக் கூடாது.

மாணவர்களின் மனமும் கவனிக்கப்பட வேண்டியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் 'மனம்' என்ற ஆதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டதும் இத்தகைய பிரச்சினைகளுக்காகத்தான். தன் கலக்கத்தை ஒரு மூத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய மாணவருக்கு, நோயாளி வாய் திறக்கத் தயங்குவது புரியும்.

மாவட்ட மனநலத் திட்டம் 1990களில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. மனநல சிகிச்சையை மக்களுக்கு அருகிலேயே கொண்டுபோவதே அதன் நோக்கம். திருப்பூருக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் மாணவர்கள் மாவட்ட மனநல மருத்துவரோடு காங்கேயம் போன்ற தாலுகா மருத்துவமனைகளுக்குப் போய், வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வருபவர்களின் பேச்சை உட்கார்ந்து கேட்கட்டும். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரமாகும், தைராய்டு குறைபாடும் சோர்வாகத் தெரியும், தூக்க மாத்திரை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதற்கே அடிமையாக நேரும் என்பதையெல்லாம் அங்கே நோயாளிகளிடமே கற்கலாம்.

அதுவரை, மனம் தளர்ந்திருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அசதி என்று மருத்துவரிடம் போகும்போது, தூக்கமும் மனசும் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.