எதிரிக்கு எதற்கு வக்கீல்?

சென்னைப் புறநகரில் 2017-இல் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஓர் இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு இதைவிடக் கொடுமையான செய்தி இருக்க முடியாது. இப்படியொரு விடுதலை வரும்போதெல்லாம் ஊரில் எழும் கேள்வி ஒன்றுதான்: இவனுக்கெல்லாம் எதற்கு வக்கீல்? அந்தத் தீர்ப்பைப் படித்தவர்களுக்குக் கேள்வியைத் திருப்பிக் கேட்கத் தோன்றும். குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில் அவருக்கு வழக்கறிஞரே இல்லை. பிறகு சட்ட உதவி மூலம் ஒருவரை அமர்த்தி, நான்கே நாட்களில் சாட்சி விசாரணையைத் தொடங்கிவிட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன அன்றே தூக்கும் விதிக்கப்பட்டது. வழக்கின் உயிர்நாடியாகச் சொல்லப்பட்ட கண்காணிப்புக் கேமராப் பதிவு சான்றாக நீதிமன்றத்துக்கு வரவே இல்லை.

விடுதலைக்கு முதன்மைக் காரணம் சான்றுகள் நிரூபணமாகாததுதான். ஆனால் அந்த ஓட்டைகள் எட்டு ஆண்டுகள் கழித்து டெல்லியில் ஏன் தெரிய வந்தன? செங்கல்பட்டிலேயே, விசாரணையின் முதல் வாரத்திலேயே ஏன் தெரியவில்லை? எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம், வழக்கைப் படித்து முடித்த ஒரு வழக்கறிஞர் நின்றிருந்தால், ‘அந்தக் கேமராப் பதிவு எங்கே?’ என்பதுதான் அவர் புலனாய்வு அதிகாரியிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருந்திருக்கும். பதிவு இருந்தால் அரசுத் தரப்பு அதைக் கொண்டுவந்தாக வேண்டும். இல்லையென்றால் அப்போதே அது தெரிந்திருக்கும். குற்றவியல் வழக்கறிஞரின் வேலையைக் குற்றவாளியைத் தப்பவைக்கும் வேலையாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும். வலுவான எதிர்வாதத்தைத் தாங்கிய தண்டனை மேல்முறையீட்டில் நிற்கும். எதிர்வாதமே இல்லாமல் கிடைத்த தண்டனை முதல் கேள்வியிலேயே சரியும். சரியும்போது அதிகம் இழப்பது பாதிக்கப்பட்டவரின் குடும்பம்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். சினிமாவில் காட்டும் ஆவேச வசனம் அதில் மிகச் சிறிய பகுதி. முதல் தகவல் அறிக்கை எந்த நேரத்தில் பதிவானது, மாஜிஸ்திரேட்டிடம் எப்போது போய்ச் சேர்ந்தது, இடையில் கழிந்த மணி நேரங்களில் என்ன நடந்திருக்கலாம் என்று பார்ப்பதில் தொடங்குகிறது அது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. புதிய பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-ஆவது பிரிவும் பழைய சட்டத்தைப் போலவே அதைத் தடுக்கிறது. அந்த வாக்குமூலத்தின் பேரில் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் பொருள் மட்டும் உள்ளே வரலாம். அதனால்தான் எத்தனையோ கொலை வழக்குகளில் கத்தியையும் ரத்தக்கறைச் சட்டையையும் கைப்பற்றிய மகஜரைச் சுற்றியே போராட்டம் நடக்கிறது. மகஜரில் கையெழுத்திட்டவர் உண்மையிலேயே அங்கே இருந்தாரா, அல்லது ஸ்டேஷனில் வைத்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டாரா? குறுக்கு விசாரணையில் பொறுமையாக, ஒரே விஷயத்தைப் பல பக்கங்களிலிருந்து கேட்டுத்தான் இதற்குப் பதில் வாங்க முடியும். அதற்கு ஆவணங்களைப் படிக்க நாள் வேண்டும், சிறையில் இருக்கும் கட்சிக்காரரைப் பார்த்துப் பேச நாள் வேண்டும். நான்கு நாட்கள் எதற்குப் போதும்?

மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவில் 2013-இல் நடந்தது இதைவிட வேகமானது. ஒரு சிறுமி கொலையான வழக்கில் குற்றச்சாட்டு வனைந்து இரண்டு வாரம் ஆவதற்குள் தூக்குத் தண்டனை வந்துவிட்டது. வழக்கறிஞரை நியமித்ததும் குற்றச்சாட்டு வனைந்ததும் ஒரே நாள். விரைவான நீதி என்று அன்று பாராட்டியவர்கள் இருந்திருப்பார்கள். உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் அந்தத் தண்டனையை ரத்து செய்து, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. ஆயுள் அல்லது தூக்கு விதிக்கக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவம் உள்ளவரையே சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும், தயாராவதற்குப் பொதுவாக ஏழு நாட்களாவது கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. மறுவிசாரணைகளின் முடிவில், 2024-இல், அந்த மனிதர் விடுதலையானார். பதினோரு ஆண்டுகள் அவர் சிறையில் இருந்துவிட்டார். குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எதிர்வாதம் தேவையே இல்லை என்று நாடே நினைத்த வழக்கு ஒன்று உண்டென்றால் அது 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் வழக்கு. தாக்கியவர்களில் ஒருவனான கசாப் துப்பாக்கியோடு நின்ற படத்தை உலகமே பார்த்திருந்தது. அவனுக்காக ஆஜராகக் கூடாது என்று மும்பையில் ஒரு வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. நீதிமன்றம் நியமித்த பெண் வழக்கறிஞரின் வீட்டைக் கும்பல் முற்றுகையிட்டது. ஆனால் அந்தக் கூண்டில் நின்றவன் கசாப் மட்டும் அல்ல. தாக்குதலுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்ததாக இரண்டு இந்தியர்களும் நின்றார்கள். கொல்லப்பட்ட பயங்கரவாதியின் கால்சட்டைப் பையில் வரைபடம் கிடைத்தது என்றது அரசுத் தரப்பு. கால்சட்டை ரத்தத்தில் தோய்ந்திருக்க, உள்ளே இருந்த தாளில் மட்டும் கறையே படாதது எப்படி என்ற கேள்விக்கு அரசுத் தரப்பிடம் ஏற்கத்தக்க பதில் இல்லை. 2010 மே மாதம் விசாரணை நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தன. அவர்களில் ஒருவருக்காக வாதாடிய ஷாகித் ஆஸ்மி அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கசாப்பின் கதி வேறு. உச்ச நீதிமன்றத்தில் அவனுக்காக மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் வாதாடினார். எல்லா வாதங்களையும் கேட்ட பிறகே 2012 ஆகஸ்டில் தூக்கு உறுதியானது. அந்தத் தண்டனை அவசரத்தில் கொடுத்தது என்று இன்று யாரும் சொல்ல முடியாமல் இருப்பது அந்த வாதத்தால்தான்.

தமிழ்நாட்டிலும் இப்படித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கோவையில் போலீசாருக்கும் வழக்கறிஞர்களுக்கும் இடையே எழுந்த ஒரு வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காகத் தங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் முடிவெடுத்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் இப்படிப்பட்ட தீர்மானங்கள் சட்டப்படி செல்லாதவை என்று தீர்ப்பளித்தார்கள். எவ்வளவு வெறுக்கத்தக்கவராக இருந்தாலும் ஒருவருக்கு வாதாட ஆள் கிடைக்காமல் செய்யச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு கைதானவருக்குத் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையைத் தருகிறது. அங்கே குற்றத்தின் கொடூரத்தைப் பொறுத்து விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

குற்றம் செய்தான் என்று தெரிந்தே ஒரு வக்கீல் எப்படி வாதாடலாம் என்பது பலர் மனதில் உள்ள மறுப்பு. நேர்மையான மறுப்பு, இதை ஒதுக்கிவிடக் கூடாது. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கின்றன: குற்றம் பற்றித் தன் சொந்த அபிப்பிராயம் எதுவாக இருந்தாலும் வழக்கறிஞர் வாதாட வேண்டும், போதிய சான்றில்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்கே அவர் விசுவாசம். குற்றவாளியா இல்லையா என்பதை வக்கீலே தீர்மானித்துவிட்டால் அந்தத் தீர்ப்பு பூட்டிய அறையில் நடக்கும், அதற்கு மேல்முறையீடும் கிடையாது. இதற்கு எல்லை இல்லாமலும் இல்லை. பொய்ச்சாட்சி தயாரிப்பதும் சாட்சியை மிரட்டுவதும் யார் செய்தாலும் குற்றம். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இனிமேல் ஒரு குற்றம் செய்வதற்காகச் சொன்னதற்கு அது இல்லை.

அதைவிடக் கனமான மறுப்பு வேறு. பாலியல் வழக்குகளில் குறுக்கு விசாரணை என்ற பெயரில் பெண்களையும் குழந்தைகளையும் கூண்டில் வைத்து மறுபடியும் வதைத்திருக்கிறார்கள். இது உண்மை, வெட்கப்பட வேண்டிய உண்மை. பெண்ணின் கடந்தகால ஒழுக்கம் பற்றிய கேள்விகளைச் சட்டம் 2003-இலும் 2013-இலும் தடுத்தது. போக்சோ சட்டத்தின் 33-ஆவது பிரிவுப்படி குழந்தையிடம் வழக்கறிஞர் நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும்; குழந்தையின் நடத்தையைக் கேவலப்படுத்தும் கேள்விக்கு அனுமதி இல்லை. இந்தப் பிரிவுகளை நீதிபதிகள் கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினால் எதிர்வாதம் பலவீனப்படாது. ஆவணத்தில் உள்ள முரணைத் தேடிப் பிடிக்கும் வக்கீலுக்குப் பெண்ணின் குணத்தைத் தாக்க வேண்டிய தேவை வராது. வழக்கைப் படிக்காமல் வருபவரே பெரும்பாலும் அந்த வழியில் இறங்குகிறார்.

பணம் இருப்பவனுக்குப் பெரிய வக்கீல், இல்லாதவனுக்குச் சிறை என்ற புகாரை மறுக்க முடியாது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக முடிந்ததால்தான் 1947-இல் விடுதலையாகி வந்தார்கள். புகழும் வசதியும் இல்லாத ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் தண்டனைக் காலம் முழுவதும் உள்ளேயே கழிந்திருக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாட்களுக்குள் வராவிட்டால் ஜாமீன் கேட்பது எதிரியின் உரிமை. நாளை எண்ணிச் சரியான தேதியில் மனுப்போட ஆள் இருந்தால்தான் அந்த உரிமை கைக்கு வரும். பெரிய வக்கீல்களின் சிறகைக் கத்தரிப்பதால் இந்த ஏழைக் கைதிக்கு ஒன்றும் கிடைத்துவிடாது. அவருக்கும் ஒரு நல்ல வக்கீல் கிடைக்க வேண்டும்.

அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் உண்டு. அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; மாஜிஸ்திரேட் முன் முதன்முதலில் நிறுத்தும்போதே அந்த உரிமை தொடங்குகிறது என்பது கசாப் தீர்ப்பிலும் உறுதியானது. 2022 முதல், சட்ட உதவிக்கு மட்டுமே முழுநேரம் உழைக்கும் வழக்கறிஞர்களை மாவட்டந்தோறும் நியமிக்கும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அவர்களுக்கு அரசு வழக்கறிஞருக்கு இணையான சம்பளமும், தடயவியல் அறிக்கையைப் படித்துச் சொல்லும் நிபுணரின் உதவியும் வேண்டும். ரிமாண்ட் நேரத்தில் அவர்களில் ஒருவர் அங்கே நிற்பதை மாஜிஸ்திரேட் பதிவு செய்ய வேண்டும். சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூனில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டு ரிமாண்ட் ஆன பிறகுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். உடலில் காயம் இருக்கிறதா என்று கேட்கவும், சிறைக்கு முன் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லவும் அந்தச் சில நிமிடங்களில்தான் வழி இருக்கிறது. வீட்டில் யாராவது கைதானால், சட்ட உதவிக்கு நாடு முழுவதும் அழைக்க வேண்டிய எண் 15100.