உஷார்! கறுப்பு கிளிப்பை மாட்டும் முன் ஒரு நிமிடம்

புதிதாக ஆசிலோஸ்கோப் வாங்கியிருக்கிறீர்களா? ரிச்சி தெருவில் வாங்கிவந்த ஆம்ப் போர்டின் ஸ்பீக்கர் முனையில் அதை மாட்டிப் பார்க்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு கிளிப்பைத் தப்பான இடத்தில் கவ்வவிட்டால் போர்டு புகையும், ஸ்கோப் போகும். மாட்டுகிற ஆளுக்கே ஷாக் அடிக்கவும் வாய்ப்புண்டு.

ஒரு காலத்தில் ஸ்கோப் என்றால் காலேஜ் லேபிலும் பெரிய சர்வீஸ் சென்டரிலும்தான் இருக்கும். இன்று யுஎஸ்பி ஸ்கோப்பும் சவுண்ட் கார்டும் வீட்டு மேஜைக்கே வந்துவிட்டன. அவற்றை எப்படி மாட்டுவது என்கிற பாடம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

கறுப்பு கிளிப் எங்கே போகிறது?

ப்ரோபின் ஊசி முனை அளக்கிறது. பக்கத்தில் தொங்கும் கறுப்பு கிளிப், கேபிளின் வெளிவலை வழியே ஸ்கோப்பின் உடம்புக்குப் போகிறது. அங்கிருந்து மூன்று பின் பிளக்கின் எர்த் பின் வழியே வீட்டு எர்த்தில் இறங்குகிறது. சாதாரண மேஜை ஸ்கோப்பில் எத்தனை சேனல் இருந்தாலும் எல்லாக் கறுப்பு கிளிப்பும் உள்ளே ஒன்றுதான். எந்தப் புள்ளியில் அதை மாட்டுகிறீர்களோ, அந்தப் புள்ளியை எர்த்தோடு சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மல்டிமீட்டரில் பழகிய கை ஏமாறுவது இங்கேதான். மீட்டர் பேட்டரியில் ஓடுகிறது. அதற்கு எர்த் தொடர்பே கிடையாது.

ஸ்பீக்கர் மைனஸை நம்பாதீர்கள்

பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் பெரும்பாலும் கிரவுண்டுதான். டிபிஏ3116 போட்ட கிளாஸ்-டி போர்டிலோ, டிடிஏ7388 போட்ட கார் ஸ்டீரியோவிலோ கதை வேறு. இவை பிரிட்ஜ் முறையில் இயங்குபவை. பிளஸ், மைனஸ் இரண்டு முனையையுமே ஐசி ஓட்டுகிறது. டிபிஏ3116 போர்டுக்கு 24 வோல்ட் சப்ளை கொடுத்து, பாட்டு எதுவும் போடாமல் வைத்திருந்தாலும் இரண்டு முனையிலும் பெரும்பாலும் 12 வோல்ட் போல நிற்கும்.

"நேற்று இதே மாதிரி மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே!" என்பார்கள். நேற்று போர்டு இரண்டு பின் அடாப்டரில் ஓடியது. எர்த் தொடர்பு இல்லாததால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. இன்று டெஸ்ட் டோன் கொடுக்க லேப்டாப்பைச் சேர்த்தீர்கள். மூன்று பின் லேப்டாப் சார்ஜர்கள் பலவற்றில் டிசி மைனஸ் எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். அந்த எர்த், ஆர்சிஏ கேபிளின் வெளிவலை வழியே போர்டின் கிரவுண்டுக்கு வந்துவிட்டது. இப்போது ஸ்பீக்கர் மைனஸில் கறுப்பு கிளிப்பை வைத்தால் நேரடி ஷார்ட். ஐசிக்குள் பாதுகாப்புச் சுற்று இருந்தால் தப்பிக்கலாம். அதை நம்பி இறங்காதீர்கள். யுஎஸ்பி ஸ்கோப் என்றால் அந்த ஷார்ட் கரண்ட் லேப்டாப் வழியாகவே ஓடும்.

கண்டுபிடிப்பது சுலபம். போர்டை ஓடவிட்டு, மீட்டரை டிசியில் வைத்து, சப்ளை மைனஸுக்கும் ஸ்பீக்கர் மைனஸுக்கும் நடுவே பாருங்கள். பல வோல்ட் காட்டினால் அது பிரிட்ஜ் போர்டு. அளக்க இரண்டு சேனல் வேண்டும். ஒரு ஊசி பிளஸில், இன்னொரு ஊசி மைனஸில், இரண்டு கறுப்பு கிளிப்பும் போர்டின் சப்ளை கிரவுண்டில். பிறகு ஸ்கோப்பின் மேத் மெனுவில் முதல் சேனலிலிருந்து இரண்டாவதைக் கழிக்கச் சொல்லுங்கள். டிஃபரன்ஷியல் ப்ரோப் இருந்தால் இன்னும் நல்லது.

எர்த் பின்னை வெட்டாதீர்கள்

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்லும் குறுக்கு வழி, ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. உயிருக்கே உலை வைக்கும் யோசனை இது. அதன்பின் கறுப்பு கிளிப் தொடும் புள்ளியில் என்ன வோல்டேஜ் இருக்கிறதோ, அது ஸ்கோப்பின் உலோகப் பாகங்களுக்கும் வந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் மெயின்ஸ் பக்கத்தில் 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறியபின் சுமார் 325 வோல்ட். அங்கேயுள்ள பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜோடு இருக்கும். அதன் மைனஸ் முனையும் கிரவுண்டு கிடையாது. எர்த் உள்ள ஸ்கோப்பின் கிளிப்பை அங்கே மாட்டினால் வெடிக்கும். அனுபவமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதாக இருந்தால் அளக்கப்படும் செட்டுக்குப் போடுங்கள், ஸ்கோப்புக்கு அல்ல.

சவுண்ட் கார்டும் சாகும்

ஸ்கோப் இல்லாதவர்கள் லேப்டாப்பின் லைன்-இன்னில் அளக்கிறார்கள். பல கார்டுகள் 2 வோல்ட்டுக்குள் நிறைந்துவிடும். 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட். நடுவில் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காமல் கொடுத்தால் கார்டு காலி. லைன்-இன்னின் வெளிவளையத்துக்கும் அதே எர்த் ஆபத்து உண்டு. மிக்ஸரின் மைக் இன்புட்டில் டெஸ்ட் டோன் கொடுக்கும்போது 48 வோல்ட் ஃபான்டம் பவர் ஆஃபில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிஜிட்டல் பக்கம் இன்னொரு குழி. ஸ்கிரீனில் டிஜிட்டலின் உச்ச அளவான 0 டிபிஎஃப்எஸ் என்றால் வெளியே எத்தனை வோல்ட் என்பது கருவிக்குக் கருவி மாறும். சாதாரண சிடி பிளேயரில் 2 வோல்ட். ஐரோப்பிய ஒளிபரப்பு அளவில் +18 டிபியு, அதாவது 6.2 வோல்ட். அமெரிக்க அளவில் +24 டிபியு, அதாவது 12.3 வோல்ட். எடுத்த எடுப்பில் முழு டோனைத் தட்டாதீர்கள். −40 டிபிஎஃப்எஸ்ஸில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹீட் சிங்க்கில் பூட்டிய டம்மி லோடு போடுங்கள். தொடர்ந்து ஓடும் முழு டோனில் ட்வீட்டர் கருகிவிடும்.

ரீடிங்கும் ஏமாற்றும்

ப்ரோபில் 10எக்ஸ், மெனுவில் 1எக்ஸ் என்றால் வோல்டேஜ் பத்து மடங்கு தப்பு; அதை வைத்துக் கணக்கிடும் வாட் நூறு மடங்கு தப்பு. கிளாஸ்-டியில் பாட்டோடு சேர்ந்து பல நூறு கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் மிச்சமும் வரும். ஏஇஎஸ்17 வகை லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் எடுத்த டிஸ்டார்ஷன் அளவை நம்பாதீர்கள். விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்டுகளை அணைத்துவிட்டு, சாம்பிள் ரேட் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கார்டின் அவுட்டை அதன் இன்னிலேயே மாட்டி அளந்துவிடுங்கள். அதில் வருவது கார்டின் சொந்தக் குறை. அதைவிட நல்ல ரீடிங் எந்த ஆம்புக்கும் கிடைக்காது.

கடையில் வேலை பழகும் பையன்களுக்கும், ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களுக்கும் ஸ்கோப்பைக் கையில் கொடுக்கும் முன் மாஸ்டர்கள் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். ஸ்கோப் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் எர்த் பின்னுக்கும் கறுப்பு கிளிப்புக்கும் மீட்டரை வையுங்கள். பீப் அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அடுத்த முறை கிளிப்பை மாட்டும் முன் யோசிப்பான்.